நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் கேட் எண்ட் பாக்ஸ் சர்வீஸ்: பட்டறையில் பழகியதில் எதையெல்லாம் கீழே செய்யக் கூடாது?

பேனல்_அம்பத்தூர்

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனல் பட்டறையில் வயரிங்கும் டெஸ்டிங்கும் பார்க்கிறேன். 415 வோல்ட் மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல் வரை நல்ல பழக்கம் உண்டு. அடுத்த மாதம் தெலங்கானா பக்கம் ஒரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்துக்கு என்னையும் இன்னொரு பையனையும் அனுப்புகிறார்கள். 550 வோல்ட் கேட் எண்ட் பாக்ஸ்கள் (நிலக்கரி வெட்டும் பகுதியில் மெஷின்களுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் பெட்டிகள்), ஒரு டிரில் பேனல், மெஷின் பின்னால் இழுபட்டுப் போகும் டிரெய்லிங் கேபிள்கள் எல்லாவற்றையும் பார்த்துத் தரவேண்டும்.

படத்தைப் பார்த்ததில் சில விஷயம் பிடிபடவில்லை. நியூட்ரலை நேராக எர்த் பண்ணாமல் நடுவில் ஏன் ஒரு ரெசிஸ்டர்? எர்த்துக்குக் கசிவதைக் கண்டு துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் ரிலே வெறும் 100 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகும்படி ஏன் வைத்திருக்கிறார்கள்? கேபிளுக்குள் கூடவே வரும் கட்டுப்பாட்டுக் கம்பியான பைலட் கோரின் கடைசியில் டயோடு எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே எலக்ட்ரீஷியன்களுக்கு அடிபடுவது எந்த வேலையில், ஏன் என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். நெய்வேலிக்கு ஒருமுறை போயிருக்கிறேன், ஆனால் அது திறந்தவெளிச் சுரங்கம்.

கொத்தகூடெம்_ஷிஃப்ட்

தம்பி, முதலில் ரெசிஸ்டர். 550 வோல்ட் சிஸ்டத்தில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 317 வோல்ட். எர்த் ஃபால்ட், அதாவது பேஸ் எர்த்தைத் தொடும் பழுது, வந்தாலும் 750 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடக் கூடாது என்பது நிலக்கரிச் சுரங்கத்துக்கு நம் நாட்டு விதி. 317-ஐ 0.75-ஆல் வகுத்தால் 423 ஓம். அந்த ரெசிஸ்டர்தான் நீ படத்தில் பார்த்தது. 1100 வோல்ட் சிஸ்டமாக இருந்தால் 847 ஓம் வரும்.

ஏன் இப்படி என்பதைக் கணக்காகப் பார். நியூட்ரலை நேராக எர்த் பண்ணியிருக்கிறார்கள் என்று வை. டிரெய்லிங் கேபிளில் பேஸ் கோர் 0.3 ஓம், எர்த் கோர் 0.3 ஓம். மெஷினுக்குள் ஒரு பேஸ் பாடியில் தொட்டுவிட்டது. 500 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஃப்யூஸ் போகும்வரை மெஷின் பாடியில் ஏறக்குறைய 160 வோல்ட் நிற்கும். ஆபரேட்டர் ஈர நிலத்தில் நின்றபடி அந்த இரும்பைப் பிடித்திருப்பார். இப்போது ரெசிஸ்டரைப் போடு. ஓடுவது 0.75 ஆம்பியர், பாடியில் கால் வோல்ட்கூட வராது. ஃபால்ட் இடத்தில் பொறி பறந்து மீத்தேனைப் பற்றவைக்கும் ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைகிறது. மீத்தேன் காற்றில் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை வெடிக்கும். 1.25 சதவீதம் தாண்டினாலே அந்த இடத்துக்கு மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும்.

ஆனால் இதிலேயே பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது, கவனமாகப் படி. எர்த் கோர் முழுசாக இருக்கும்வரைதான் மேலே சொன்ன கணக்கு செல்லும். எர்த் கோர் அறுந்த மெஷினில் அதே ஃபால்ட் வந்தால் ஓட வழியில்லாமல் 317 வோல்ட்டும் பாடியில் நிற்கும். ஆபரேட்டர் கையை வைத்தால் அவர்தான் எர்த் கோர். வியர்வையில் நனைந்த உடம்பை 1000 ஓம் என்று எடுத்துக்கொள். 317-ஐ 1423-ஆல் வகுத்தால் 220 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கை விடாது. 50-க்கு மேல் ஒரு நொடி நீடித்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். 423 ஓம் ரெசிஸ்டர் இருந்தும் 220 வருகிறது பார். அந்த ரெசிஸ்டர் மெஷினைத் தொடுகிறவனைக் காப்பாற்றும், பேஸைத் தொடுகிறவனைக் காப்பாற்றாது. பேஸைத் தொட்டால் ரிலே டிரிப் ஆகும், ஆனால் ரிலேயும், மோட்டார் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரும் சேர்ந்து திறக்க எடுக்கும் நேரம் முழுக்க மின்சாரம் உடம்புக்குள் போகும். இரண்டு பேஸை இரண்டு கையில் தொட்டால் எர்த்துக்கு எதுவுமே ஓடாது, ரிலேக்கு அந்த மனிதன் ஒரு லோடு, அவ்வளவுதான்.

ஆகவே எர்த் கோர் அறுந்ததை யாராவது காவல் காக்க வேண்டும். அதுதான் பைலட். பாக்ஸுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பைலட் கோர் வழியாகக் குறைந்த ஏ.சி. வோல்ட்டேஜ் அனுப்பும். மெஷின் முனையில் டயோடு வழியாக எர்த் கோரில் இறங்கித் திரும்பும். டயோடு இருப்பதால் அரை அலைதான் ஓடும், பாக்ஸில் உள்ள ரிலே அந்த அரை அலைக்கு மட்டும் பிடிக்கிற வகை. பைலட் அறுந்தால் மின்சாரம் இல்லை, ரிலே விழும். எர்த் அறுந்தாலும் அதே. கேபிள் நசுங்கிப் பைலட்டும் எர்த்தும் ஒட்டிக்கொண்டால்? டயோடு வெளியே போய்விடும், முழு ஏ.சி. ஓடும், அப்போதும் ரிலே விழும். எந்த வழியில் கெட்டாலும் மெஷின் நிற்கும்.

இனி நீ சரிபார்க்கப் போகும் பாக்ஸில் முதலில் தேட வேண்டியது: கேபிளின் கடைசியில் இருக்க வேண்டிய டயோடை யாராவது பாக்ஸுக்குள்ளேயே பைலட் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவில் போட்டிருக்கிறார்களா என்று. பைலட் கோர் அறுந்துபோய், கேபிளை மாற்ற ஆறு மணி நேரம் ஆகும், அதுவரை ஓட்டலாம் என்று போடுவார்கள். ஆறு மணி நேரம் ஆறு வாரம் ஆகிவிடும். அந்த நிலையில் எர்த் கோர் அறுந்தாலும் பாக்ஸுக்குத் தெரியாது, மெஷினில் இருக்கும் ஸ்டாப் பட்டனும் வேலை செய்யாது. அப்படி ஒரு டயோடு கண்ணில் பட்டால் கழற்றி எடுத்து, அங்குள்ள எலக்ட்ரிகல் சூப்பர்வைசரிடம் எழுத்தில் கொடு. பாக்ஸை ஓட்டிக்காட்டச் சொல்லி வற்புறுத்தினாலும் மறுபடி போட்டுக் கொடுக்காதே.

நியூட்ரல் ரெசிஸ்டரையும் பார். அது அறுந்திருந்தால் எர்த் ஃபால்ட் வந்தும் ஒன்றும் ஓடாது, ரிலே சும்மா இருக்கும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். ரிலே முகப்பில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ரிலேயைத்தான் சோதித்ததாகும், ரெசிஸ்டரையும், மின்சாரத்தை அளந்து ரிலேக்குச் சொல்லும் சி.டி.யையும் அல்ல. ஒரு பேஸிலிருந்து எர்த்துக்குத் தெரிந்த அளவு ரெசிஸ்டர் வழியாக நிஜமாக மின்சாரம் விட்டுப் பார்ப்பதுதான் முழுச் சோதனை. 100 மில்லி ஆம்பியருக்கு மொத்தம் 3,175 ஓம் வேண்டும். நியூட்ரலில் 423 ஏற்கனவே இருப்பதால் வெளியே 2,750 போட்டால் போதும். இதைப் பட்டறையில், அல்லது சுரங்கத்தின் மேல்தளப் பணிமனையில் செய். கீழே செய்யாதே.

எஃப்எல்பி_ஃபிட்டர்

மேலே சொன்னது எல்லாம் சரி. பேனல் பட்டறைக்காரர்களிடம் இருக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆள் சாவது அதில்தான். பட்டறையில் நாம் கதவைத் திறந்து வைத்து, சப்ளை கொடுத்து, மீட்டர் முனையை டெர்மினலில் வைத்து ஃபால்ட் தேடுவோம். மீத்தேன் கேஸ் உள்ள சுரங்கத்தில் கதவைத் திறந்த நிலையில் சப்ளை என்ற பேச்சே கிடையாது. ஃபிளேம்ப்ரூஃப் பெட்டியின் வேலையே உள்ளே வெடிப்பது வெளியே போகாமல் பார்ப்பது. பெட்டிக்குள் மீத்தேன் நுழையும், கான்டாக்டர் பொறியில் உள்ளே வெடிக்கும், அதைத் தடுக்க முடியாது. உள்ளே வெடித்த நெருப்பு மூடிக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள அகன்ற, மெல்லிய இடுக்கு வழியாக வெளியேறும்போது குளிர்ந்து அணைந்துவிட வேண்டும். அதற்காகத்தான் அந்த இரும்பின் கனமும் அத்தனை போல்ட்டும்.

ஆகவே பட்டறையில் நல்லதாகத் தெரிவது இங்கே கெடுதல். அந்த இடுக்குக்கு ரப்பர் கேஸ்கெட் போடக் கூடாது. சிலிக்கான் தடவக் கூடாது. பெயின்ட் ஒரு துளி கூடப் படக் கூடாது. துரு பிடித்தால் எமரி தாள் வைத்துத் தேய்க்கக் கூடாது, இடுக்கு பெரிதாகும். துணியால் துடைத்து, இறுகிப்போகாத கிரீஸ் மெலிதாக விட்டால் போதும். ஸ்க்ரூடிரைவரை விட்டு மூடியை நெம்பினால் குறுக்கே கீறல் விழும், அந்தக் கீறல் நெருப்புக்கு வாசல். எல்லா போல்ட்டும் இறுகிய பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துச் சுற்றிலும் பார், பெட்டியின் சான்றிதழ் வரைபடத்தில் எழுதிய இடைவெளியை விட ஒரு இடத்திலும் தடித்த பட்டை நுழையக் கூடாது. அந்த வரைபடம் இல்லாமல் சர்வீஸுக்குப் போகவே போகாதே, தன்பாத்தில் உள்ள சி.ஐ.எம்.எஃப்.ஆர். என்ற சுரங்க ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த சோதனைச் சான்றிதழ் நகலும் கூட இருக்கட்டும். பத்து போல்ட்டில் ஒன்று காணோம் என்றாலும் அது ஃபிளேம்ப்ரூஃப் பெட்டி இல்லை. கேபிள் வராத துளையைக் கட்டையாலோ ரப்பராலோ அடைக்கக் கூடாது, அதற்குரிய மரையுள்ள பிளக் வேண்டும். கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டும் கேபிளின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும், டேப் சுற்றித் தடிமனாக்கிச் செருகியிருந்தால் அது தள்ளுபடி.

கீழே ஃபால்ட் தேடாமல், அந்த யூனிட்டையே மாற்றிவிடு. வேறு பாக்ஸையோ உள்ளே உள்ள டிராலி அமைப்பையோ மாற்றிக் கெட்டதை மேலே எடுத்து வந்து, பணிமனை மேஜையில் திறந்து வைத்துப் பார். கீழே நேரம் ஆகிறது என்று அவர்கள் அவசரப்படுத்துவார்கள், அதற்காகத்தான் ஸ்பேர் பாக்ஸ் வைத்திருக்க வேண்டும் என்பது.

சின்ன வோல்ட்டேஜ் தானே, பொறி என்ன செய்யும் என்பவர்களுக்கு ஒன்று. 1913 அக்டோபரில் வேல்ஸில் செங்கெனித் சுரங்கத்தில் வெடி விபத்தில் 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த விசாரணையில் சந்தேகம் விழுந்த காரணங்களில் ஒன்று மின் மணி சிக்னல் கம்பியில் வந்த பொறி. பேட்டரியில் ஓடும் மணிதான். அதற்கு முந்தைய ஆண்டு பெட்வாஸில் நடந்த வெடிப்பிலும் மணிக் கம்பி மேல்தான் பழி. பொறியின் ஆற்றலையே மீத்தேனைப் பற்றவைக்க முடியாத அளவுக்குக் கீழே வைக்கும் இன்ட்ரின்சிக் சேஃப்டி முறை அந்தக் கால ஆராய்ச்சியில் பிறந்தது. உன் பைலட் சர்க்யூட்டும் அந்த வகைதான். பட்டறையில் கைக்குக் கிடைத்த வேறு டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிப் போட்டால் வோல்ட்டேஜ் சரியாக இருந்தாலும் அந்தக் காப்பு போய்விடும். பார்ட் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேபிள்_ஷாப்

டிரெய்லிங் கேபிளைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுதான் அதிகம் அடிபடும் பொருள். நிலக்கரி அள்ளும் எஸ்.டி.எல். மெஷின் மேலேறும், கூரைக் கல் விழும், ஆபரேட்டர் தூரம் பார்க்காமல் ஓட்டிக் கேபிளை விரைப்பாக இழுப்பார், கிளாண்டுக்குள் முதலில் இழுபடுவது எந்தக் கோர் குட்டையாக இருக்கிறதோ அது. ஆகவே கேபிள் முனையைப் பொருத்தும்போது எர்த் கோரை மற்றவற்றைவிட ஒரு விரல் நீளமாக விட்டுப் பொருத்து. இழுபட்டால் பேஸ் முதலில் கழன்று மெஷின் நிற்கட்டும், எர்த் கடைசியில் கழலட்டும்.

வெளியுறை கிழிந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றுவது சரிசெய்தல் ஆகாது. மேலே எடுத்து வந்து கேபிள் ஷாப்பில் வல்கனைஸ் (சூட்டில் ரப்பரை ஒட்டவைத்தல்) பண்ண வேண்டும். கோர்களை ஒரே இடத்தில் வெட்டாமல் படிக்கட்டு போல முன்பின்னாக வெட்டி இணைக்க வேண்டும், ஒரே இடத்தில் நான்கு ஜாயின்ட் வந்தால் அங்கே கேபிள் விரைத்து நின்று மடங்கும்போது உடையும். ஒவ்வொரு கோரின் மேலிருக்கும் மின்கடத்தும் உறையான ஸ்கிரீனும் ஜாயின்டைத் தாண்டித் தொடர வேண்டும். ஸ்கிரீன் எர்த்தில் இருப்பதால் ஆணியோ கல்லோ குத்தும்போது பேஸைத் தொடுவதற்கு முன் எர்த்தைத் தொடும், பேஸுக்கும் பேஸுக்கும் ஷார்ட் ஆகிப் பெரிய ஆர்க் வருவதற்குள் 750 மில்லி ஆம்பியரோடு டிரிப் ஆகிவிடும். ஜாயின்டில் ஸ்கிரீனை விட்டுவிட்டால் அந்த ஒரு சாண் இடத்தில் இந்தக் காப்பு இல்லை. மிச்சக் கேபிளைச் சுருட்டி வைத்து ஓட்டுவதையும் பார்த்தால் சொல், சுருளுக்குள் சூடு வெளியேறாமல் உறை வேகும்.

சோதனைக்கு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) எடுத்துப் போ. ஃபேஸில், அதாவது நிலக்கரி வெட்டும் முகப்பில், இருந்தபடியே பேஸுக்கு பேஸ், பேஸுக்கு எர்த் ஒருமுறை பார்த்தால் எது கெட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

கொத்தகூடெம்_ஷிஃப்ட்

கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். சாதாரண மெக்கரும் மல்டிமீட்டரும் ஃபேஸுக்கு அருகில் போகக் கூடாத பொருள்கள். 500 வோல்ட்டை நீளக் கேபிளில் ஏற்றினால் கேபிளே கண்டென்சர் போலச் சார்ஜ் பிடித்து வைத்திருக்கும், முனையை எடுக்கும்போது பொறி வரும். நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுமதி பெற்ற கருவியாக இருக்க வேண்டும், அப்போதும் அந்த இடத்தில் கேஸ் பார்க்கத் தகுதி பெற்றவர் பார்த்துச் சொன்ன பிறகுதான். பாக்ஸிலேயே எர்த் ஃபால்ட் லாக்அவுட் இருக்கிறது, கான்டாக்டர் மூடுவதற்கு முன்பே சிறிய வோல்ட்டேஜ் விட்டு வெளிப்பக்கம் எர்த்தைத் தொடுகிறதா என்று அது பார்க்கிறது. லாக்அவுட் விளக்கு எரிந்தால் கேபிளோ மோட்டாரோ கெட்டது என்று அதுவே சொல்லிவிட்டது. அதை ரீசெட் பண்ணிப் பண்ணி மூடிப் பார்ப்பது, ஃபால்ட் இடத்தில் திரும்பத் திரும்பத் தீக்குச்சி உரசிப் பார்ப்பது போன்ற வேலை. பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி பார், லாக்அவுட் போனால் கெட்டது கேபிள் பக்கம், போகாவிட்டால் பாக்ஸுக்குள்.

மேலே மெக்கர் பண்ணும்போதும் பைலட் டயோடைக் கழற்றிவிடு, 500 வோல்ட்டில் அது போய்விடும். முடிந்ததும் கோர்களை எர்த்தில் தொட்டுச் சார்ஜை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கேபிள்_ஷாப்

ஒப்புக்கொள்கிறேன், நான் எழுதியது மேல்தளப் பணிமனைக்குத்தான் பொருந்தும். ஃபேஸில் செய்யலாம் என்று எழுதியதை எடுத்துவிட்டுப் படிக்கவும்.

பேனல்_அம்பத்தூர்

எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று. பாக்ஸின் ஐசொலேட்டரை (சப்ளையைப் பிரிக்கும் சுவிட்சை) ஆஃப் பண்ணிப் பூட்டிவிட்டால் உள்ளே கை வைக்கலாம் தானே? கதவு இன்டர்லாக்கும் அதற்குத்தானே இருக்கிறது?

கொத்தகூடெம்_ஷிஃப்ட்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உன்னை மெச்சுகிறேன் தம்பி, கேட்காமல் போகிறவர்களுக்குத்தான் அடிபடுகிறது. வைக்கக் கூடாது. ஐசொலேட்டர் ஆஃப் என்றால் அதற்குப் பின்னால் உள்ளது மட்டும்தான் செத்தது. சப்ளை உள்ளே வரும் இன்கமர் டெர்மினலும், பக்கத்துப் பாக்ஸுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பஸ்பார் பட்டையும் 550 வோல்ட்டோடு உயிரோடு இருக்கும். மூன்று நான்கு பாக்ஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி பஸ்பாரால் இணைத்திருப்பார்கள். உன் பாக்ஸ் ஆஃப், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். இன்டர்லாக் உன்னைக் கான்டாக்டர் அறைக்குள் பத்திரமாக விடும், இன்கமர் அறையின் மூடியை அது தடுக்காது, அந்த மூடி வெறும் போல்ட்டில் நிற்கிறது. ஸ்பானரோடு வந்தவனுக்கு அது இன்னொரு மூடியாகத்தான் தெரியும்.

செய்ய வேண்டிய வரிசை இது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஓவர்மேனிடமும் அங்குள்ள எலக்ட்ரிகல் சூப்பர்வைசரிடமும் எந்தப் பாக்ஸ், எந்த அறை, எவ்வளவு நேரம் என்று சொல்லி எழுத்தில் பெர்மிட் வாங்கு. மெஷினை அதன் ஸ்டாப் பட்டனால் நிறுத்தச் சொல். பாக்ஸ் ஐசொலேட்டரை ஆஃப் பண்ணு. கான்டாக்டர் அறைக்குள் மட்டும் வேலை என்றால் அங்கே உன் பூட்டு. இன்கமர் பக்கம் வேலை என்றால் பின்னால் போய், இந்த வரிசைக்குச் சப்ளை கொடுக்கும் செக்‌ஷன் சுவிட்சை ஆஃப் பண்ணி அங்கே உன் பூட்டும், உன் பெயரும் நேரமும் எழுதிய அட்டையும். எந்தச் சுவிட்ச் எதற்குப் போகிறது என்று சுவரில் எழுதியதை நம்பாதே, சுவிட்சை ஆஃப் பண்ணியதும் பாக்ஸ்களின் விளக்கு அணைகிறதா என்று ஒருவன் இந்த முனையில் நின்று பார்க்க வேண்டும். பிறகு கேஸ் பார்க்கச் சொல். மூடியைத் திறந்தால் முதல் வேலை அனுமதி பெற்ற டெஸ்டரை உயிருள்ள மூலத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது. அந்த மூலம் டெஸ்டரோடு வரும் சோதனைக் கருவியாக இருக்கட்டும், வேறு பாக்ஸைத் திறந்து பார்க்கக் கூடாது. அடுத்து மூன்று பேஸையும் தனித்தனியாக எர்த்துக்கும், ஒன்றுக்கொன்றும் பார். மறுபடி டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார். பிறகு டிஸ்சார்ஜ் ராடால் மூன்றையும் எர்த்தில் தொட்டு ஷார்ட் பண்ணி வை.

தொலைபேசியில் "பத்து நிமிஷம் கழித்து போடு" என்று நேரம் பேசிச் சப்ளை வாங்குவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அதற்குச் சம்மதிக்காதே. பூட்டுப் போட்டவன்தான் திறக்க வேண்டும்.

3.3 கிலோ வோல்ட் சப்ஸ்டேஷன் பக்கம் உனக்கு வேலையே இல்லை என்றால் அங்கே நின்று பார்க்கவும் போகாதே. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஷார்ட் ஆனால் வரும் ஆர்க்கில் நாம் தொட வேண்டியதுகூட இல்லை, முகமும் கையும் வெந்துபோகும். சுவிட்சைப் போடும்போது மூடியின் எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு போடு. பருத்தி உடைதான். நைலான் பனியன் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

வார்டு_செவிலி

சென்னையில் தீக்காயப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியாக, கேள்வியின் கடைசிப் பகுதிக்கு எழுதுகிறேன். ஷாக் அடித்தவரை மின்சாரம் நிற்கும்வரை தொடக் கூடாது. சப்ளை நின்ற பிறகு மூச்சும் அசைவும் இல்லை என்றால் அதே இடத்தில், கெட்டியான தரையில் படுக்க வைத்து மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். ஆழம் 5 சென்டிமீட்டராவது, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஸ்ட்ரெச்சர் வரட்டும், மேலே தூக்கிக்கொண்டு போய்ச் செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நேரத்துக்குள் மூளை போய்விடும். மாற்றி மாற்றி அழுத்த இரண்டு பேர் வேண்டும், ஒருவரால் இரண்டு நிமிடத்துக்கு மேல் சரியாக அழுத்த முடியாது. ஷாக் கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் ஏ.இ.டி. கருவி இருந்தால் ஒருவர் அதை எடுக்க ஓட வேண்டும்.

மின்சாரம் தாக்கி விழுந்தவரின் கழுத்தும் முதுகெலும்பும் அடிபட்டிருக்கலாம், புரட்டும்போது கழுத்தைப் பிடித்துக்கொள்ளவும். வெந்த இடத்தில் 20 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஓட விடலாம். பற்பசை, மை, எண்ணெய் எதுவும் வேண்டாம், நாங்கள் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மோதிரம், கடிகாரம், கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றவும், கை வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

எல்லோரும் ஏமாறும் இடம் இது: தோலில் இரண்டு சின்னப் புள்ளிகள், ஒன்று உள்ளங்கையில், ஒன்று காலில். ஆள் எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்பார். உள்ளே எலும்பை ஒட்டிய தசை வெந்திருக்கும். அந்தத் தசைச் சிதைவு சிறுநீரகத்தை அடைத்தால் சிறுநீர் தேநீர் நிறத்தில் வரும், அதுவரை காத்திருக்கக் கூடாது. இதயத் துடிப்பும் பிறகு தடுமாறலாம். ஆகவே எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஈ.சி.ஜி. எடுக்க மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு, எந்தக் கை, எந்தக் கால், எவ்வளவு நேரம் பிடித்திருந்தது, மயங்கினாரா, விழுந்தாரா என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அந்தத் தாள் எங்களுக்கு முதல் அரை மணி நேரத்தைத் தருகிறது.

டனல்_பம்ப்

சென்னை மெட்ரோ சுரங்கப் பாதை வேலையில் பம்ப், லைட்டிங் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்துமா? எங்களுக்கு மீத்தேன் தொந்தரவு இல்லை. ஆனால் ஷாஃப்ட் முழுக்கத் தண்ணீர், கடற்கரை ஓரமாக இருந்தால் உப்புத் தண்ணீர்.

எஃப்எல்பி_ஃபிட்டர்

சுரங்கத்துக்கான விதிகள் மெட்ரோ வேலைக்குப் பொருந்தாது, உங்களுக்குக் கட்டுமான வேலைக்கான விதிகள். ஃபிளேம்ப்ரூஃப் பெட்டியும் வேண்டியதில்லை. ஆனால் எர்த் கோர் விஷயம் அப்படியே உண்டு. நீங்கள் 415 வோல்ட் சிஸ்டத்தில் நியூட்ரலை நேராக எர்த் பண்ணியிருப்பீர்கள், மேலே கொடுத்த 160 வோல்ட் கணக்கு உங்களுக்கும் பொருந்தும், 415-க்கு அது ஏறக்குறைய 120 வோல்ட். சப்மர்சிபிள் பம்பைக் கேபிளைப் பிடித்துத் தூக்கி இறக்குவதால் எர்த் கோர் கிளாண்டுக்குள் அறுந்து போகும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. கயிறோ செயினோ கட்டி அதில்தான் தொங்க விட வேண்டும். கேபிளின் இந்த முனையிலிருந்து பம்ப் உடல் வரை எர்த் தொடர்ச்சியை மேலே எடுக்கும்போதெல்லாம் மீட்டரில் பாருங்கள். கையில் பிடிக்கும் விளக்கு, டிரில் எல்லாவற்றுக்கும் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதன் டெஸ்ட் பட்டனை ஷிஃப்ட் தொடக்கத்தில் அழுத்திப் பார்ப்பது. சுரங்கத்தில் கை விளக்குக்கு 30 வோல்ட், கையில் பிடிக்கும் டிரில்லுக்கு 125 வோல்ட் என்று விதியே இருக்கிறது. உங்களுக்குச் சட்டம் கேட்காவிட்டாலும் ஈர ஷாஃப்டில் 24 வோல்ட் விளக்கு வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். வெல்டிங் ரிட்டர்னை தண்டவாளத்தில் மாட்டி விடுவதையும் நிறுத்துங்கள், அந்த மின்சாரம் திரும்ப வரும் வழியில் பம்ப் கேபிளின் எர்த் கோரையும் சுட்டுவிடும்.

பேனல்_அம்பத்தூர்

கடைசியாக, என்ன எடுத்துப் போக வேண்டும், எதை விட்டுவிட்டுப் போக வேண்டும்?

கொத்தகூடெம்_ஷிஃப்ட்

கீழே இறங்கும் முன் சுரங்கத்தின் தொழிற்பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் ஒப்பந்த ஆளுக்கும் கட்டாயம். அதற்கு நாள் ஒதுக்கி டிக்கெட் போடு, நேராக வந்து இறங்கலாம் என்று நினைக்காதே. செல்போன், ஸ்மார்ட் வாட்ச், லைட்டர், தீப்பெட்டி, பேட்டரி டார்ச், மல்டிமீட்டர் எதுவும் கூண்டில் ஏறாது. தலைக்கவசத்தில் மாட்டும் கேப் லேம்ப்பும், விஷப்புகையில் மூச்சுவிட உதவும் செல்ஃப் ரெஸ்க்யூவரும் அங்கே தருவார்கள், செல்ஃப் ரெஸ்க்யூவரைத் திறக்கும் முறையைக் கேட்டு, பயிற்சி மாடலில் கையால் செய்து பார்த்துக்கொள். உன் சான்றிதழ் சுரங்கப் பகுதிக்கும் சேர்ந்ததா என்று இப்போதே பார்த்துவிடு. இல்லை என்றால் கீழே அங்குள்ள சுரங்கச் சான்று பெற்ற சூப்பர்வைசரின் கண் முன்னால்தான் நீ வேலை செய்யலாம், இதைக் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லி வை.

கருவியில் ஃபீலர் கேஜ் செட், சரியான பாக்ஸ் ஸ்பானர்கள், முக்கோணத் தலை போல்ட் இருந்தால் அதற்குரிய சாவி, பெட்டிகளின் வரைபடமும் சான்றிதழ் நகலும், அதே அளவு போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் கூடுதலாக ஒரு டஜன். பைலட் டயோடு ஸ்பேர், உற்பத்தியாளர் கொடுத்த அதே எண், ரிச்சி தெருவில் கிடைக்கும் மாற்று வேண்டாம். பூட்டு இரண்டு பேருக்கும் தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி மட்டும் கையில் இருக்கட்டும், மற்றதை அம்பத்தூரிலேயே வைத்துவிட்டு வா.